முத்தாயம்மாள் பெயரில் இரண்டு சர்வர்கள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. அம்மாபேட்டையில் ஒரு மண்டபம். பக்கத்து இலைக்காரர் ஏதோ கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர். ரசத்துக்குக் காத்திருந்த நேரத்தில் பேச்சுவாக்கில் சொன்னார்: "கிளவுடுல இருக்கற சர்வரையெல்லாம் கேட்டு வாங்கி ஆபீஸ் பதிவுல ஏத்துறப்ப, ஒண்ணு ரெண்டு ஆளில்லாம வந்து நிக்கும். ஓடிட்டே இருக்கும், யாருதுன்னு தெரியாது." ரசம் வந்தது, அவர் அதை மறந்துவிட்டார். எனக்குத்தான் இலையை மடக்கிய பிறகும் மனசு அதிலேயே கிடந்தது.

யாருடையது என்று யாருக்கும் தெரியாத ஒன்றை, ஒருத்திக்கு மட்டும் பார்த்ததும் தெரிந்துவிட்டால்?

2

முதல் தொடக்கம்: "கொல்லிமலை மேல் மேகம் கவிந்திருந்த அந்தக் காலையில் நர்மதா" [வேண்டாம். கிளவுட் என்று சொன்னவுடன் மேகத்தைக் கூட்டிவருகிற சபலம் எனக்கும் உண்டு. அடித்துவிட்டேன்.]

இரண்டாவது: "நர்மதா கதிர்வேலை மறந்து வெகுகாலம்" [பொய். தினமும் நினைக்கிறாள்.]

ஆகவே நேராகவே சொல்கிறேன். நர்மதா அம்மாபேட்டைக்காரி. நாமக்கல்லில் ஓர் ஆபீசுக்கு தினமும் பஸ் ஏறிப் போகிறாள். லாரிகளில் ஜிபிஎஸ் பெட்டி மாட்டி, வண்டி எங்கே போகிறது என்று முதலாளிகளுக்கு மேப்பில் காட்டுகிற ஆபீஸ். அந்த வேலைக்கான சர்வர்கள் எல்லாம் கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களில், வாடகைக்கு. எது எதற்கு ஓடுகிறது, யார் பொறுப்பு என்று எழுதிவைக்கும் டேட்டாபேஸ் ஒன்று ஆபீசில் புதிதாக வந்தது. கிளவுடில் ஏபிஐ என்றொரு கேள்வி வாசல் உண்டு, அதைக் கேட்டால் இருப்பதையெல்லாம் ஒப்பிக்கும். அதை வாங்கி டேட்டாபேசில் ஏற்றுவது நர்மதாவின் வேலை.*

* இவ்வளவு தெரிந்தால் போதும். எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

3

நாமக்கல்லில் லாரி வாங்கினால் நெற்றியில் அம்மா பேரோ பிள்ளை பேரோ எழுதாமல் ரோட்டில் இறக்கமாட்டார்கள். ஆபீசிலும் அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டது. சோதனைக்கு ஆளாளுக்கு ஒரு சர்வர், அதற்கு அவரவர் அம்மா பேர்.

கதிர்வேல் அவளுக்குப் பக்கத்து மேசை. தன்னுடைய சர்வரைத் தொடங்கும்போது கேட்டான்:

"உங்க அம்மா பேரு என்னங்க?"

"முத்தாயம்மாள். என்னுதுக்கு அதைத்தான் வெச்சிருக்கேன்."

"நல்ல பேரா இருக்குதுங்க. என்னுதுக்கும் அதையே வெச்சுக்கட்டுங்களா?"

"உங்க அம்மா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"கோவிச்சா சமாதானம் பண்ணிக்கலாமுங்க. நீங்க மொதல்ல சரின்னு சொல்லுங்க."

சரி என்றாள்.

[அவன் கேட்டது என்ன என்று அப்போதே அவளுக்குப் புரிந்ததா? புரிந்தது என்று எழுதினேன், புரியவில்லை என்று திருத்தினேன். புரிந்தது, ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள் என்பதே சரியாகப் படுகிறது. அவள் நெசவுக் குடும்பத்துப் பெண், அவன் சேந்தமங்கலம் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பத்துப் பையன். இரண்டு வீட்டிலும் என்ன நடக்கும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?]

அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, வீட்டுக் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுப் போனான். "வாரேனுங்க" என்றான். வரவில்லை.

4

ஏற்றும்போது நர்மதா ஒரு தப்பு செய்தாள். ஒவ்வொரு சர்வருக்கும் உள்ள அடையாள எண்ணை வைத்துப் பொருத்துவதற்குப் பதிலாகப் பெயரை வைத்துப் பொருத்திவிட்டாள். அவளுடைய மேலதிகாரி ஜெயப்பிரியா கூப்பிட்டாள்.

"கிளவுடு சொல்றதவிட நம்மகிட்ட ஒண்ணு கம்மியா ஏறியிருக்குதே நர்மதா, பாத்தியா? முத்தாயம்மாள் ரெண்டு இருக்குது. ஒண்ணு மேல ஒண்ணு ஒக்காந்துருச்சு."

"இன்னொண்ண எப்பவோ நிறுத்தியிருப்பாங்கன்னு நெனச்சேங்க்கா."

"யாரும் நிறுத்தல. வெள்ளிக்கெழம சாயங்காலத்துக்குள்ள அதுக்கு ஒரு ஆளு பேரு போட்ரு. ஆளில்லாததெல்லாம் தானா நின்னுரும்."

"வேலைய விட்டுப் போனவங்க பேரு போடலாங்களா?"

"போடேன். அவங்களுக்கு மெயில் போவும். வேணும்னா வேணும்பாங்க, வேண்டாம்னா வேண்டாம்பாங்க. நமக்கு ஒரு பதிலு வேணும், அவ்வளவுதானே."

நர்மதா தன் மேசைக்கு வந்து அந்த சர்வரைத் திறந்தாள். மேப் ஒன்று விரிந்தது. பச்சைப் புள்ளி ஒன்று சேந்தமங்கலம் ரோட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. ஜிபிஎஸ் பெட்டியைச் சோதிக்கக் கதிர்வேல் தன் பைக்கிலேயே ஒன்றை மாட்டியிருந்தான். கழற்ற மறந்திருக்கிறான். எங்கே இருக்கிறானோ என்று அவள் ஏங்கியவனின் வண்டி, இதோ ஒரு வளைவில் திரும்புகிறது.

பழைய தடங்களையும் பார்த்தாள். பண்ணை, சேந்தமங்கலம், பண்ணை. ஆனால் புதன்கிழமைகளில் மட்டும் புள்ளி நாமக்கல் வருகிறது. ஆபீஸ் இருக்கும் சந்துக்கே வருகிறது. இரண்டு பேரும் டீ குடித்த பேக்கரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறது.*

* பேக்கரிக்கு முட்டை கொடுக்க வந்திருக்கலாம். கோழிப்பண்ணைக்காரன்தானே. இது அவளுக்கும் தோன்றியது. தோன்றியதும் அழுகை வந்தது.

5

முடிவுகள்.

(அ) பெயரே போடவில்லை. வெள்ளிக்கிழமை சர்வர் நின்றுபோகிறது. புள்ளி கடைசியாக இருந்த இடத்தில் [முடியவில்லை. எழுத மனசு வரவில்லை.]

(ஆ) தன் பெயரைப் போட்டுக்கொள்கிறாள். யாரும் கேட்கப்போவதில்லை. தினமும் பார்க்கலாம். இதை ஆசையாகத்தான் எழுதினேன். ஆனால் பார்க்கப்படுகிறோம் என்று தெரியாத ஒருவனை எத்தனை காலத்துக்குப் பார்ப்பது? எனக்கு முன்பே நர்மதா மேப்பை மூடிவிட்டாள். அவள் ஏங்கியது புள்ளிக்காக அல்ல.

(இ) அவன் பெயரைப் போடுகிறாள். மெயில் போகும். தன் வண்டி போவதை அவள் பார்த்துவிட்டாள் என்று அவனும் தெரிந்துகொள்வான். 'வேண்டாம்' என்ற பதிலும் வரலாம். அப்படி வந்தால் புள்ளியும் போய்விடும், புதன்கிழமையும் போய்விடும்.

நான் (இ)-யை எழுத உட்கார்ந்தேன். வியாழன் பகலில் நர்மதா பொறுப்பாளர் கட்டத்தில் கதிர்வேல் என்று அடித்தாள். கீழே குறிப்புக்கு ஒரு கட்டம், அதில் எழுதுவதும் மெயிலோடு போகும். அதில் எழுதினாள்:

"உங்க வண்டியில பெட்டி கழட்டாம இருக்குதுங்க. தெரியாம பாத்துட்டேன், இனிமே பாக்கமாட்டேன். ரெண்டுக்கும் ஒரே பேரு இருக்கறதுனால பதிவுல கொழப்பம். எங்க அம்மா பேர எடுத்துறலாமா, இருக்கட்டுமா, நீங்களே சொல்லுங்க. நான் அன்னைக்கே சரின்னுதான் சொன்னேன்."

6

அவள் விரல் 'அனுப்பு' மேல் இருக்கிறது. இந்தக் கதையில் வெள்ளிக்கிழமையை நான் எழுதப்போவதில்லை. எழுதாதவரை அந்த சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், சேந்தமங்கலம் ரோட்டில் அவனும் போய்வந்துகொண்டிருப்பான். கோழைத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் உங்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. நாமக்கல் பக்கம் ஒரு புதன்கிழமை போக நேர்ந்தால் அந்தப் பேக்கரியில் ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள். பைக் வந்து நிற்கும். பின்னால் முட்டை அட்டை கட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கட்டியிருக்காவிட்டால், தயவுசெய்து அந்த 'அனுப்பு' பொத்தானை அவளுக்குப் பதிலாக நீங்களே அழுத்திவிடுங்கள்.