பின்மதில் கேட்

வயலோரம் மனை போட்டு விற்ற எங்கள் நகரில் எண்பத்து நான்கு மனைகள். வீடு எழுந்தவை பத்தொன்பது. ஆள் இருப்பவை பதினொன்று. மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் வளைகுடாவில் இருக்கிறார்கள். இதை நானே நடந்து எண்ணினேன். சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினேன். ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

தஞ்சாவூரில் எனக்கு மாலை ஐந்தரைக்குக் கட்டட வரைபட வகுப்பு. மெயின் ரோடு ஒன்றரை கிலோமீட்டர். வழியில் ஒரு வீடும் இல்லை. திரும்பும்போது இருட்டிவிடும். "பஸ் உள்ள வந்தா போ. இல்லேன்னா வகுப்பு வேணாம், ஆசியா" என்றார் அத்தா.

மினி பஸ் டிரைவர் மருதையன் ஒரு மாதம் பஸ்ஸை நகருக்குள் விட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். "சாயங்காலம் எட்டுப் பேராவது ஏறணும் பாப்பா. உனக்கு மட்டும் பஸ்ஸைத் திருப்பினா, ஓனர் என்னைய ஆட்டோ ஓட்டச் சொல்லிடுவாரு."

வீடு வீடாகப் போய்ப் பதினேழு கையெழுத்து வாங்கினேன். முதல் நாள் எல்லோரும் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான்காம் நாள் மூன்று பேர். பிறகு நான் மட்டும். அவர்கள் வீடுகளில் எத்தனை வண்டி இருக்கிறது என்று நான் எண்ணவில்லை.

இருபத்தாறாம் நாள், பின்மதிலோரம் பஸ் திரும்பும்போது மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

"ஏ மருதையா, செவுரு ஏறிக் குதிச்சா ஏத்திக்குவியா?"

"குதிங்க ராசம்மாக்கா. பல்லு போனா டிக்கெட் ஃப்ரீ!"

பலர் சிரித்தார்கள். நடவு ஆட்கள், பன்னிரண்டு பெண்கள் என்றார் மருதையன். மதில் வந்ததிலிருந்து சுற்றி நடந்து மெயின் ரோட்டில் இலவச பஸ் ஏறுகிறார்களாம். நான் வரைந்த நகர் வரைபடத்தில் மதிலோடு கோடு முடிகிறது. அதற்கப்பால் வெறும் தாள்.

மதிலில் ஒரு இரும்பு கேட் உண்டு. அதன் கம்பி வழியாக ராசம்மாளிடம் கேட்டேன். மினி பஸ்ஸில் காசு கொடுக்க வேண்டுமே, ஏறுவீர்களா?

"நாள் பூரா குனிஞ்சு நட்டவளைக் கேக்குற கேள்வியா இது? கேட்டைத் தொற பாப்பா. ஏறுறோமா இல்லையான்னு பாரு."

சாவி அத்தாவிடம்.

"நகர் சங்கத்துல கேக்கணும்மா."

"நீங்கதானே அத்தா செயலாளர்?"

"அதனாலதான் கேக்கணும். ஒருதரம் தொறந்தா பாதையாயிடும். அப்புறம் மூட முடியாது."

"பஸ் நின்னுடுமே?"

அவர் செய்தித்தாளைத் திருப்பினார்.

மறுநாள் ஃப்ரிட்ஜ் மேலிருந்த சாவியைத் திருடினேன். நாட்குறிப்பில் திருடினேன் என்பதை அடித்துவிட்டு, எடுத்தேன் என்று எழுதினேன். பிறகு அதையும் அடித்தேன்.

நான்கே முக்காலுக்குக் கேட்டைத் திறந்தேன். முழங்கால் சேற்றோடு பன்னிரண்டு பேரும் வந்தார்கள்.

"சீட்டுல சேறு படுமே, அக்கா" என்றார் மருதையன்.

"உக்காரத்தானேடா காசு?" என்று ராசம்மாள் உட்கார்ந்தார்.

நானும் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலோரம் அத்தா வந்து ஸ்கூட்டரை நிறுத்தினார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

"எத்தனை பேர்?"

"என்னோட பதிமூணு."

"பூட்டு?"

"பையில இருக்கு."

கேட்டைப் பார்த்தார். "கீல் கத்துது. நாளைக்கு எண்ணெய் போட்டுத் தொற" என்று வண்டியைக் கிளப்பினார்.

பஸ்ஸில் ராசம்மாளிடம், எத்தனை நாள் வருவீர்கள் என்று கேட்டேன். "நடவு இன்னும் பத்து நாள். அப்புறம் களை. அறுப்புக்கு மிஷின் வந்துரும்."

தை வரை என்று நாட்குறிப்பில் குறித்துக்கொண்டேன். வகுப்பு பங்குனியில் முடிகிறது. மாசிக்கும் பங்குனிக்கும் யார் ஏறுவார்கள் என்று எழுத இடம் விட்டிருக்கிறேன்.