எலிகள் கண்ட அடையாளம்

நைஜீரியாவின் இபாதான் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் நடுவே ஒரு பெரிய வட்டத் தொட்டி இருக்கிறது. தண்ணீர் நிரப்பிப் பால்பவுடரைக் கலக்கிவிட்டால் அடியில் இருப்பது தெரியாது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன மேடை ஒளிந்திருக்கும். தொட்டியில் விடப்பட்ட எலி நீந்தித் தேடி அதில் ஏறவேண்டும். பழகப் பழக, சுவரில் ஒட்டிய படங்களை வைத்து இடத்தை நினைவில் கொண்டு நேராகவே போய்விடும். மூளையில் நினைவு எப்படித் தங்குகிறது என்று இப்படித்தான் பார்ப்போம்.

என்னோடு ஆராய்ச்சி செய்யும் மொரோமோகேயின் எலிகள் சமர்த்து. விட்டதும் மேடைக்குப் போய் மீசையைத் துடைத்துக்கொள்ளும். நேரம் பார்ப்பது சிகிரு. எங்களைப் போல அவனும் ஆராய்ச்சி மாணவன்தான். ஆறடி உடம்பு. எப்போதும் தொட்டியோரம் அதே முக்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்தபடி கடிகாரத்தை அமுக்குவான்.

தங்கை கல்யாணத்துக்கு அவன் ஒசோக்போவுக்குப் போயிருந்த வாரம் எல்லாம் கெட்டது. கதவோரம் நின்று நான்தான் நேரம் பார்த்தேன். எலிகள் சுற்றிச் சுற்றி வந்தன. சில சும்மா மிதந்தன.

"எல்லாத்தையும் மறந்துடுச்சுங்க!" என்று மொரோமோகே தலையில் கைவைத்தாள். தண்ணீரைச் சூடாக்கிப் பார்த்தாள், தீனியை மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

ஜொல்லோப் என்ற தக்காளிச் சோற்றுப் பொட்டலத்தோடு சிகிரு திரும்பி வந்தான். முக்காலிமேல் யாரோ தீவன மூட்டையை வைத்திருந்தார்கள். அதனால் தொட்டிக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தான். மொரோமோகே ஓர் எலியை விட்டாள். அது ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு நேரே சிகிருவை நோக்கி நீந்தியது. அவன் முன்னால் மேடையைத் தேடித் தேடித் துழாவியது. அடுத்த எலியும் அப்படியே செய்தது.

"சிகிரு, எந்திரி. பழைய இடத்துக்குப் போ."

"என்னடி, வந்ததும் வராததுமா விரட்டுற?"

"போடான்னா!"

மூட்டையை இறக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். அடுத்து விட்ட எலி ஒரே ஓட்டமாக நீந்தி மேடையில் ஏறியது.

மொரோமோகேக்குச் சிரிப்பு பொங்கியது. "என் படத்தை இதுங்க சீந்தவே இல்ல. இத்தனை நாளும் உன்னையத்தான் பாத்து வழி கண்டுபிடிச்சிருக்குங்க!"

"கல்யாணத்துல ஒரு பொண்ணுகூட என்னைத் திரும்பிப் பாக்கல," என்றான் சிகிரு. "எலியாச்சும் பாத்துச்சே!"

எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. ஆனால் விஷயம் பேராசிரியர் ஓலாயிங்காவிடம் போக வேண்டும். அதுவரை எடுத்த அளவெல்லாம் வீண். மொரோமோகே பயந்துகொண்டே சொன்னாள்.

கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மறக்கலடி, நல்லா ஞாபகம் வச்சிருக்குதுங்க! நீதான் பாத்துக் கண்டுபிடிச்ச. இதையும் சேர்த்து எழுது. அப்புறம் முதல்லேர்ந்து செய்."

தொட்டியைச் சுற்றித் திரை கட்டினோம். உள்பக்கம் கறுப்பு அட்டையில் பெரிதாக ஒரு வட்டமும் ஒரு சிலுவையும் வெட்டித் தொங்கவிட்டோம். மேலே கேமரா. ஆட்கள் எல்லாரும் வெளியே. எலிகள் மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டன.

எல்லாம் பழகியபின் மொரோமோகே அட்டைகளையும் மேடையையும் சேர்த்து மறுபக்கத்துக்கு மாற்றினாள். திரைக்கு வெளியே எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராப் படத்தைப் பார்த்தோம். எலி ஒரு கணம் தயங்கியது. பிறகு மூக்கைத் திருப்பி வட்டத்தை நோக்கி நேர்க்கோடாகப் போய் மேடையில் ஏறியது.

"ஐயோ, என்னைய மறந்துடுச்சே!" என்று சிகிரு மார்பில் அடித்துக்கொண்டான்.

பேராசிரியர் ஓலாயிங்கா ஆசையாகத் திரையை விலக்கிக் குனிந்தார். எலி உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. பால்தண்ணீர் முழுக்க அவர் முகத்தில். துடைக்கக்கூட மறந்து, மொரோமோகேயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அங்கேயே ஆட ஆரம்பித்துவிட்டார்.