வைகுண்டராஜன் குதிரை பழகியது

வைகுண்டராஜனுக்கு நாற்பத்து நான்கு வயதில் குதிரை ஆசை வந்தது. கொட்டாரத்தில் அவருக்குக் கருப்பட்டி மண்டி. தென்னந்தோப்பு நாலு மைல் தள்ளிக் கடலோரத்தில் கிடந்தது, போகிற வழியெல்லாம் மணல். சைக்கிள் புதையும். மாட்டு வண்டியில் போனால் பாதி நாள் போய்விடும். நடக்கலாமென்றால் வலது முழங்கால் விடுவதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் இந்தக் காரணத்தைத்தான் சொன்னார். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. ஊர்ப் பண்ணையார் குதிரையில் வரும்போது வைகுண்டராஜனின் அப்பா தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் இறங்கி நிற்பார். சின்ன வயதில் கூட இவரும் நின்றிருக்கிறார். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் குதிரையின் வயிறும் செருப்புப் போட்ட ஒரு காலும்தான் தெரியும்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் பங்குனியில் நாகர்கோவில் வடசேரிக்குப் போனார். சகாயம் என்ற குதிரை வண்டிக்காரர், பஸ் பெருகிப் போனதில் சவாரி இல்லாமல் குதிரையை விற்கப் போவதாக வைகுண்டராஜன் காதுக்கு எட்டியிருந்தது. செம்பட்டை நிறக் குதிரை வண்டியில் பூட்டியபடி நின்றது. கண்களுக்கு இருபுறமும் தோல் பட்டை.

"அண்ணாச்சி இதுக்கு முன்ன குதிரை வச்சிருந்தியளா?" என்று சகாயம் கேட்டார்.

"பின்ன? சின்னதுலயே பழக்கம்தான்." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சொன்னதற்கு ஏற்ப ஏதாவது செய்தாக வேண்டும். குதிரையின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார். பல் இருந்தது. அதற்குமேல் என்ன பார்ப்பதென்று தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டார்.

"பட்டையைக் கழத்திக் காட்டட்டா? கொஞ்சம் நடத்தியும் பாருங்க."

"வேண்டாம். நமக்குப் பாத்தாலே தெரியும்லா."

சகாயம் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பணத்தை வாங்கிக்கொண்டு, குதிரையை அவிழ்த்துக் கயிற்றைக் கையில் கொடுத்தார்.

குதிரையைப் பற்றி வைகுண்டராஜனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இடப்பக்கமாக ஏற வேண்டும். பட்டாளத்திலிருந்து வந்த யாரோ எப்போதோ சொன்னது. வீட்டுக்குப் பின்னால் தினமும் காலையில் சேணம் கட்டி, இடப்பக்கம் போய்க் கால் வைப்பார். தொட்டதும் குதிரை துள்ளி விலகும். அவர் மண்ணில் கிடப்பார். வலப்பக்கம் நின்று கொள்ளு நீட்டினால் மட்டும் உள்ளங்கையில் மூக்கை உரசித் தின்னும். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இஞ்ச பாருங்க, தெரிஞ்ச ஆள் யாரையாவது கூப்பிட்டுக் கேக்கப்பிடாதா?" என்றாள் மனைவி தாணம்மாள்.

"கேக்கதுக்கு என்ன இருக்கு? இதுக்குத் திமிரு."

சித்திரையில் ஒரு சந்தை நாள். குதிரையில் வருவதாக வியாபாரிகளிடம் சொல்லி வைத்திருந்தார். கடிவாளத்தை ஆள் பிடித்துக்கொள்ள எப்படியோ ஏறி, டீக்கடை முக்கு வரை வந்துவிட்டார். இறங்கி நாலு பேரிடம் பேசினார். திரும்ப ஏறுவதற்கு இடப்பக்கம் போய்க் காலைத் தூக்கினார். அதே பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. குதிரை எகிறியது. எல்லோரும் பார்க்கச் சகதியில் மல்லாந்து விழுந்தார். சிரிப்பு டீக்கடையில் ஆரம்பித்து மீன்காரிகள் வரைக்கும் போயிற்று.

எழுந்தவர் குதிரையைப் புளியமரத்தில் கட்டினார். விளார் ஒன்றை ஒடித்து, கை ஓயும் வரை அடித்தார். அடி எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் அது மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு வீச்சில் கன்னத்தில் தோல் கிழிந்தது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனபோது பூங்கனி அங்கே இருந்தாள். தினமும் புல்லுக்கட்டு கொண்டுவந்து போடுகிறவள். குதிரையின் இடப்பக்கம் நின்று கன்னத்துப் புண்ணில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு கை கழுத்திலேயே இருந்தது. வாய் ஏதோ முணுமுணுத்தபடி இருந்தது. குதிரை அசையாமல் நின்றது.

"உனக்கு மட்டும் எப்பிடி அடங்கி நிக்கி?"

"சத்தம் குடுத்துட்டுத்தானே வாறேன். இந்தப் பக்கத்துக் கண்ணு தெரியாத சீவன்லா. சும்மா வந்து தொட்டா பயந்துரும்."

வைகுண்டராஜன் கிட்டே போய் அந்தக் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினார். தெளிந்த கண்தான். இமை அசையவில்லை.

"உனக்கு எப்பம் தெரியும்?"

"வந்த அன்னைக்கே."

"ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

பூங்கனி திரும்பி அவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதுன்னு நான் நெனைக்கல்லியே அண்ணாச்சி. நீங்க குதிரை தெரிஞ்சவரில்லா. தெரிஞ்சுதான் அடிச்சியள்னு நெனச்சேன்."

குற்றம் சொல்வதுபோல் அவள் சொல்லவில்லை. எண்ணெய்க் கையைப் புல்லில் துடைத்துக்கொண்டே சொன்னாள். தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னால் இத்தனை நாள் பேசியது பொய் என்றாகும். சொல்லாவிட்டால் குருட்டுக் குதிரையைத் தெரிந்தே அடித்தவர். எது தேவலை என்று ஒரு கணம் நிறுத்துப் பார்த்தார். அடித்ததைவிட அந்த ஒரு கணத்தை நினைத்துத்தான் பின்னாளில் அதிகம் கூசினார்.

"எனக்குக் குதிரையைப் பத்தி ஒண்ணுமே தெரியாது, பூங்கனி."

அவள் புல்லுக்கட்டை அவிழ்த்துக் குதிரைக்கு உதறிப் போட்டாள்.

அந்த வாரமே வடசேரிக்குப் போனார். சகாயம் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"பட்டையைக் கழத்திக் காட்டட்டான்னு கேட்டேன் அண்ணாச்சி."

"கேட்டீரு. நான்தான் வேண்டாம்னேன். சண்டைக்கு வரல்ல. எனக்குச் சொல்லித் தரணும்."

சகாயம் மறுபடி உட்கார்ந்தார். "சிங்காரி நல்லா இருக்காளா?" என்று கேட்டார்.

குதிரைக்கு ஒரு பெயர் இருக்குமென்பதே வைகுண்டராஜனுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதமாக அதை அவர் ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

சகாயம் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து பஸ்ஸேறி வந்தார். முதலில் ஏறவே விடவில்லை. பேசிக்கொண்டே பக்கத்தில் போக வேண்டும். கழுத்தில் கை வைத்து, கையை எடுக்காமலே சுற்றி வர வேண்டும். தலைக்கயிற்றைப் பிடித்து மைல் கணக்கில் நடத்த வேண்டும். ஏறுவதானால் வலப்பக்கமாக. வைகுண்டராஜன் முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடந்தார்.

ஒரு நாள் டீக்கடை முக்கு வழியாக நடத்திக்கொண்டு போகையில் ஒருவர் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, குதிரை வாங்கினது நடக்கதுக்கா?"

அவர் நின்றார். "இதுக்கு ஒரு கண்ணு தெரியாது. அது தெரியாம அன்னைக்கு இங்க வச்சு அடிச்சுப்போட்டேன்." கேட்டவர் டீக் கிளாசைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

ஆடி கடைசியில் சிங்காரி அவரைத் தோப்பு வரைக்கும் சுமந்துபோனாள். அதன்பின் ஆறு வருஷம் சுமந்தாள். பிறகு அவர் விழவே இல்லை. ஆனால் அவர் தலைத்துண்டைச் சரிசெய்யக் கையைத் தூக்கினால் போதும், வலது கண்ணில் அது பட்டதும் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்குவாள். பூங்கனி கையைத் தூக்கினால் அப்படிச் செய்வதில்லை. தோப்பில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அது நடக்கும். கையை மெல்லக் கீழே இறக்கி, "நான்தான், நான்தான்" என்று சொல்லியபடி வைகுண்டராஜன் காத்து நிற்பார்.