ஒரே ஜாடி

1

இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேலை பழக வந்தால் முதலில் கம்பெனி போர்டைப் போட்டோ எடுக்கிறார்கள். அதற்கப்புறம்தான் வாசலில் ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பது கண்ணில் படுகிறது. அந்த மனுஷன் நான். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்கு வாட்ச்மேன். வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்ப்பது என் வேலை.

டிசைன் காலேஜ் சார் ஒருவர், "எத்தினி பிள்ளைங்கள பாக்குறீங்க, பயிற்சி கேட்டு வர்றவங்களுக்கு நாலு வார்த்த எழுதிக் குடுங்க பெரியவரே, காலேஜ் மலர்ல போடுறோம்" என்றார். ஐந்தாவதோடு நின்றவனிடம் வந்து கேட்கிறார் என்றால் வேறு யாரும் எழுதித் தரவில்லை என்று அர்த்தம்.

அறிவுரையாக எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். அதனால்தான் இது கதை.

2

காலை வெயிலில் பழமலைநாதர் கோபுரம் பொன்னாக...

(வேண்டாம். அவள் கோபுரத்தைப் பார்க்கவே இல்லை.)

இனியா ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் பை, பைக்குள் துண்டில் சுற்றிய ஜாடி. கம்பெனியில் இருப்பது ஒரே இடம், மூன்று மாதப் பயிற்சி. அது கிடைக்காவிட்டால் காலேஜில் இந்த வருஷம் தேற முடியாது. ஜாடி உடையக் கூடாது என்பதைத் தவிர அவள் மனதில் ஒன்றுமில்லை.

(கடைசி வரியை நானே நம்பவில்லை. இருக்கட்டும்.)

3

ஆபீஸ் ஜன்னல் என் நாற்காலிக்கு நேர் மேலே. காதை மூடிக்கொண்டு வேலை பார்க்க முடியாது.

முதலாளி செல்வநாயகி அம்மா இனியாவின் லேப்டாப்பில் இருந்த ஜாடிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"எல்லாம் மேலாக்கவே எடுத்திருக்கிறியே. அடியக் காணோம்."

"அடியா மேடம்?"

அம்மா ஜாடியை வாங்கிக் கவிழ்த்தார். எங்கள் ஊரில் பீங்கானைக் கையில் எடுத்தால் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்போம். பல கம்பெனிச் சரக்கும் ஒரே சூளையில் வேகும். மாறிவிடாமல் இருக்க அவரவர் சரக்கின் அடியில் குறி கீறிவிடுவார்கள். ஜாடியின் அடியில் 'இ' இருந்தது. பக்கத்தில் 'வே'.

(சார், நீங்கள் கேட்ட அறிவுரை இதுதான்: அடியையும் போட்டோ எடுங்கள்.)

"'இ' நீ. 'வே' யாரு?"

"வேல்விழி, என் ஃப்ரெண்டு. வரைஞ்சது நானு. அச்சு எடுத்து மண்ணக் கரைச்சு ஊத்துனது அவ."

"வியாழக்கெழம வர்றேன்னு ஒரு பொண்ணு போன் பண்ணிச்சே."

"அவதான் மேடம்."

"அவளும் இத்தத்தான் எடுத்தாருவாளா?"

இனியா லேப்டாப்பைப் பார்த்தாள். "ஒண்ணுதான் இருக்குது. மத்ததெல்லாம் சூளையில வெடிச்சிட்டுது."

"நீ கொண்டாந்தது அவளுக்குத் தெரியுமா?"

இனியா ஜாடியைச் சுற்றியிருந்த துண்டை மடித்தாள்.

(அடியில் 'வே' இருப்பதை மறந்தே போனாளா, யார் கவிழ்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாளா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அதே பெண்தான் உட்கார்ந்திருக்கிறாள்.)

"ஒண்ணு பண்ணு," என்றார் அம்மா. "ஜாடிய வச்சிட்டுப் போ. அந்தப் பொண்ணு வந்தா காட்டட்டும். ரெண்டு பேரையும் பாத்துட்டு ஒருத்திய எடுத்துக்கறேன். ஜாடிய எடுத்துட்டுப் போறதுன்னாலும் போ, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"வச்சிட்டுப் போனா எனக்குக் கெடைக்குமா மேடம்?"

"தெரியாது."

4

முடிவு ஒன்று: வைத்துவிட்டாள். வியாழக்கிழமை இரண்டு தோழிகளும் கட்டிப்பிடித்து...

(காலேஜ் மலருக்குப் பொருத்தம். வேறு எதற்கும் இல்லை.)

முடிவு இரண்டு: எடுத்துக்கொண்டாள். சேத்தியாத்தோப்பு தாண்டும்போது பஸ் குலுங்கி ஜாடி...

(ஜாடி என்ன பாவம் செய்தது?)

5

நடந்தது இதுதான். வாசலுக்கு வந்தவள், நான் கேட்பதற்குள் பையைத் திறந்து நீட்டினாள்.

"பாத்துக்குங்க தாத்தா."

மேலே துண்டு கிடந்தது. அதைத் தூக்கினால் தெரிந்துவிடும். கையை நீட்டினேன், அப்புறம் இழுத்துக்கொண்டேன். ஜாடி உள்ளே இருந்தால் மட்டும் அவள் திருடி என்று ஆகிவிடுமா? வேல்விழியிடமே கொடுக்க எடுத்துப் போகலாம். இல்லாவிட்டால் மட்டும் நல்லவளா? திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு ஓடி வந்திருக்கலாம்.

"போம்மா."

"பாக்கலியா?"

ஒளிக்க ஒன்றுமில்லை என்று காட்டினாளா, கிழவன் பார்க்க மாட்டான் என்று கணக்குப் போட்டுக் காட்டினாளா?

இன்று புதன்கிழமை, வேல்விழி வர இன்னும் ஒரு நாள். கதையில் பை திறந்தேதான் இருக்கிறது. துண்டை நீங்கள் தூக்கிப் பாருங்கள். பார்த்ததை என்னிடம் வந்து சொல்ல வேண்டாம். நான் எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போகிறேன். நீங்கள் சொன்னால் மட்டும் நம்பிவிடுவேனா?