கண்டனூர் செஷன்

சத்தியப்பிரியாவின் புருசன் செத்துப்போன செய்தி வந்தபோது, ரேட் பேசுவது எப்படி என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கண்டனூரில் வருசம் பூராவும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளைக் கல்யாணத்துக்கு முன்னால் திறந்து, ஒட்டடை அடித்து, கழுவிக் கொடுப்பது அவள் தொழில். நாலு பெண்கள் அவளிடம் வேலை பார்க்கிறார்கள். வீட்டுக்காரர்கள் சென்னையிலிருந்து போன் போட்டு, "பாத்துச் செய்யம்மா" என்பார்கள். இவளும் பார்த்துச் செய்து கையைச் சுட்டுக்கொள்வாள். வீட்டுக்கு இவ்வளவு என்று பேசாதே, கட்டுக்கு இவ்வளவு என்று பேசு, மூன்று கட்டு வீடும் ஒரு கட்டு வீடும் ஒன்றா என்று கேட்டு, ஒரு தாளில் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

சிறு தொழில் செய்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிற காரைக்குடி சென்டர் ஒன்றில் எனக்கு வேலை. ஆலோசனை நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்பார்கள். அந்த மணியை வைத்துத்தான் நிதி வரும். போனதும் கிளையண்ட் போனுக்கு ஒரு எண் வரும், அதை என் போனில் போட்டால் செஷன் தொடங்கி நேரம் ஓடும். கிளம்பும்போது இன்னொரு எண்ணை வாங்கிப் போட்டால் நிற்கும். வாடகைக் கார் பிடிக்கிற மாதிரிதான்.

அவள் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். சிங்கம்புணரி பக்கம் லோடு வண்டி கவிழ்ந்துவிட்டது, சேவுகப்பெருமாள் அங்கேயே போய்விட்டான் என்றது ஒரு ஆண் குரல். அவள் அழவில்லை. நான் எழுதிய தாளை நாலாக மடித்துச் சீனி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். அப்புறம்தான் தரையில் சரிந்தாள்.

தெருவே கூடிவிட்டது. வட்டமாக உட்கார்ந்து அழுத பெண்களில் யாரோ என் தோளையும் இழுத்து அணைத்துக்கொண்டார்கள். எல்லோரும் அழுதார்கள், எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்த மனுசனை ஒரே ஒரு தடவை, வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பார்த்திருக்கிறேன். கால் மரத்துப்போனது மட்டும் தெரிந்தது. மனசு அதற்கு முன்பே மரத்துப்போயிருந்தது. அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டுக் கேட்டு, 'கடன்', 'சந்தை', 'மற்றவை' என்று டிக் அடிக்கிற பிழைப்பில் வேறென்ன மிஞ்சும்?

உடல் மறுநாள்தான் வரும் என்றார்கள். பொழுது சாயும்போது எழுந்தேன். இழவு வீட்டில் 'வர்றேன்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

மறுநாள் போனைத் திறந்தால் செஷன் ஓடிக்கொண்டிருந்தது. முடிக்கிற எண் அவள் போனுக்குத்தான் போகும். பிணம் கிடக்கிற வீட்டுக்கு போன் போட்டு நம்பர் சொல்லு என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. அது பாட்டுக்கு ஓடியது.

எங்கள் சென்டர் மேனேஜர் ஸ்ரீநிவாசன் சார் முதலில் சந்தோசப்பட்டார். இந்த மாதம் மணி குறையாது என்றார். பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்தது: ஒரே கிளையண்டுக்கு ராத்திரி பகலாக ஆலோசனையா? வெள்ளிக்கிழமைக்குள் எண்ணை வாங்கி முறைப்படி முடித்தால், நிஜமாகப் பேசிய நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பொய் மணி எழுதியதாக என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள். என் சம்பளத்தில்தான் வீட்டு வாடகையும் தம்பி படிப்பும் ஓடுகின்றன.

"எழவு வீட்டுல போயி நம்பர் கேக்கச் சொல்றீகளா சார்?"

"நானாம்மா சொல்றேன்? சிஸ்டம் சொல்லுது."

சிஸ்டத்தைக் கன்னத்தில் அறைய முடியாது. வியாழக்கிழமை மத்தியானம் போனேன். கருமாதிக்கு இன்னும் நாள் இருந்தது. மாமியார் மலையம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சத்தியப்பிரியா மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டியில் வரும்போது சொல்லிப் பார்த்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

அவளே கேட்டாள். "அந்த நம்பருக்குத்தானக்கா வந்திருக்கீக?"

கூசிப் போனேன். இத்தனை நாளில் எனக்கு உறைத்த முதல் விசயம் அதுதான்.

போனை என் பக்கம் திருப்பினாள். தினமும் சாயந்தரம் ஒரே மெசேஜ் வந்திருந்தது. 'உங்கள் ஆலோசகர் கிருத்திகா தற்போது உங்களுடன் இருக்கிறார். ஆலோசனை முடிந்திருந்தால் இந்த எண்ணை அவரிடம் கூறவும்.'

"வந்த சனம் பூராம் சொல்லாமக் கொள்ளாமப் போயிருச்சு. முறை அதுதேன், யாரையும் குத்தஞ் சொல்லலை. அவுகளும் அன்னைக்குக் காலையில சொல்லாமத்தேன் வண்டிய எடுத்துட்டுப் போனாக. நான் குளிச்சுக்கிட்டு இருந்தேன்." போனைத் துடைத்தாள். "இது மட்டுந்தேன் தெனமும் நீங்க இங்கினயே இருக்கீகன்னு சொல்லுச்சு. பொய்யின்னு தெரியும். தெரிஞ்சுந்தேன் பாத்துக்கிட்டு இருந்தேன்."



"எழுதிக்கங்கக்கா. உங்க பொழப்பு எதுக்குக் கெடணும்?" என்று எண்ணை ஒவ்வொன்றாக வாசித்தாள். நான் போட்டேன். நேரம் நின்றது. தொழில் பற்றிப் பேசியது எவ்வளவு நேரம் என்று போன் கேட்டது. அரை மணி என்று போட்டேன். பச்சையாக ஒரு டிக் வந்து, நன்றி என்றது. என் வேலை தப்பித்தது.

இனி சாயந்தரம் அவளுக்கு மெசேஜ் வராது. அதை அவளும் நினைத்திருப்பாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, முறைப்படி சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பில் காலை நுழைத்தேன்.

"அக்கா" என்றாள் உள்ளே இருந்து. "சொல்லிட்டுப் போங்க."

மலையம்மாள் சுவரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். அவர் தடுக்கவில்லை.

"போயிட்டு வர்றேன், சத்தியா."

"சரிக்கா. வண்டியப் பாத்து ஓட்டிக்கிட்டுப் போங்க."

கோட்டையூர் வரைக்கும் தாங்கினேன். அதற்கு மேல் முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு, முகம்கூடச் சரியாக ஞாபகம் இல்லாத அந்த மனுசனுக்காக அழுதேன்.