வியாழக்கிழமை ரத்தம்

ஆய்வகத்தில் அவளைக் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சொட்டு ரத்தத்தைப் போட்டால் இருபதாயிரம் மரபணுக்களின் நடமாட்டத்தை இயந்திரம் எண்களாகக் கொட்டும். அதை வைத்து, யாருடைய சிறுநீரக நோய் புது மருந்துக்குக் கேட்கும், யாருடையது கேட்காது என்று சொல்லும் நிரலை எழுதியவள் அவள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரி. இயக்குநர் இதை மனிதகுலத்தின் திருப்புமுனை என்றார். இதற்கு முன்பும் அவர் மனிதகுலத்துக்கு மூன்று திருப்புமுனைகள் வழங்கியிருந்தார். மனிதகுலம் தன் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

அவள் தம்பிக்கும் அதே நோய். அவனுக்கு நிரல் போட்ட மதிப்பெண் தொண்ணூற்று மூன்று.

"பள்ளிக்கூடத்துல நீ வாங்காத மார்க்கை உன் ரத்தம் வாங்கிடுச்சுடா!" என்று அவளே போன் செய்து சொன்னாள்.

அந்த மார்க்கைக் காட்டித்தான் டாக்டர் பழைய மருந்தை நிறுத்திப் புதியதைக் கொடுத்தார். நாலு மாதத்தில் இரண்டு காலும் வீங்கிவிட்டன.

ஏன் என்று பார்க்க அவள் பழைய பதிவேட்டைப் புரட்டினாள். நிரலுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மாதிரிகளில், மருந்துக்குக் கேட்டவர்களின் ரத்தமெல்லாம் வியாழக்கிழமைகளில் இயந்திரத்தில் ஓடியிருந்தது, கேட்காதவர்களுடையது திங்கட்கிழமைகளில். இரண்டு பெட்டியாக வந்ததை இரண்டு கிழமையாக ஏற்றிவிட்டார்கள். கலந்து ஏற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான். ஞாயிறு முழுக்க அணைந்து கிடக்கும் இயந்திரம் திங்களன்று எண்களைக் கொஞ்சம் குறைத்தே காட்டும். ஆக, அவளுடைய நிரல் இருபதாயிரம் மரபணுக்களைச் சலித்துக் கண்டுபிடித்தது நோயை அல்ல, கிழமையை. சுவரில் ஆணியடித்து மாட்டிய காலண்டர் செய்கிற வேலை.

தம்பியின் ரத்தத்தைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் காக்க வைக்காமல், "வியாழக்கிழமையே ஏத்திடுங்க, எனக்காக" என்று கெஞ்சியவளும் அவள்தான்.

மிச்சமிருந்த ரத்தத்தைத் திங்களன்று ஏற்றிப் பார்த்தாள். பதினொன்று.

இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் விருது விழாவுக்குக் கோட்டு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இப்பப் போய் கிழமை சரியில்லன்னு சொன்னா ஜோசியம் மாதிரி இருக்காது?"

"இப்ப நாம செய்றதே ஜோசியம்தான் சார்."

"அடுத்த கட்டுரையில, கடைசியா, சின்ன எழுத்துல ஒரு வரி போட்டுக்கலாம்."

"என் தம்பி பழைய மருந்தை நிறுத்திட்டான் சார்."

அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டார். "அது டாக்டரோட முடிவும்மா. நாம வெறும் எண்ணைத்தான் குடுக்கறோம்."

டாக்டரிடம் ஓடினாள். அவர் தம்பியின் புது சிறுநீரகப் பரிசோதனை அறிக்கையை இரண்டு தரம் பார்த்துவிட்டு, சிறுநீரகம் கெட்டுவிட்டது, இனிப் பழைய மருந்தைத் திரும்பக் கொடுத்தும் பிரயோஜனமில்லை, வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியதுதான் என்றார்.

தம்பி வீட்டில் காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் எதையும் மறைக்கவில்லை. பெட்டி, கிழமை, தன் சிபாரிசு எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் வீங்கிய காலில் விரலால் அழுத்தி, விழுந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அப்ப இன்னொரு தடவை வியாழக்கிழமையே ரத்தம் குடுத்துப் பாக்கலாமா?"

கிண்டல் செய்கிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை.