இரண்டாவது டேக்

ஹோலிஸுக்குச் சட்டை, அதற்கு மேல் கோட்டு. சட்டைக்குள் முதுகுக்கு ஒரு தடித்த பேட், முழங்கைக்கு, முட்டிக்கு, இடுப்புக்கு என்று தனித்தனிப் பேட். எனக்குக் கையில்லாத ஒரு பட்டு கவுன், அதுவும் முதுகில் பாதிவரை திறந்தது. எங்கள் தொழிலில் வில்லனுக்கு டூப் போடுகிறவன் சோபா மாதிரி வந்து நிற்பான். கதாநாயகிக்கு டூப் போடுகிறவள் கல்யாண விருந்துக்குப் போகிறவள் மாதிரி வந்து, அதே படிக்கட்டில் அதே உருளல் உருள வேண்டும். இதை எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உடைக்காரர்கள் தலையை ஆட்டுவார்கள், அடுத்த படத்துக்கு இன்னும் கொஞ்சம் துணியைக் குறைப்பார்கள்.

ஹோலிஸ் என் கணவன். ஆனால் செட்டுக்குள் நுழைந்துவிட்டால் நாங்கள் கணவன் மனைவி கிடையாது, அது எங்கள் வீட்டு ஒப்பந்தம். லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு பேர் கட்டிப்பிடித்துப் படிக்கட்டில் உருள வேண்டும் என்றால் முதலில் எங்கள் வீட்டு போன்தான் அடிக்கும். அன்றைக்கு நகரத்தின் பழைய பகுதியில், பூட்டிக் கிடந்த ஒரு வங்கிக் கட்டடம். அசல் பளிங்குப் படிகள். மேலே ரப்பர் ஒட்டிப் பளிங்கு மாதிரிப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்றோம். கட்டடத்துக்காரர் கூடாது என்றுவிட்டார். பளிங்குக்குக் கீறல் விழுந்துவிடுமாம்.

படிக்கட்டின் நடுவில் சின்னதாக ஒரு சமதளம், லேண்டிங். மேலிருந்து அதுவரை நான் பாதி, அவன் பாதி என்று அடியைப் பங்கிட்டுக்கொள்வோம். லேண்டிங்கில் அவன் என் காதுக்குள் "ஹப்" என்பான். உடனே என்னைத் தூக்கித் தன் மேல் போட்டுக்கொண்டு திரும்புவான். கீழ்ப்பாதி செங்குத்து, அதன் விளிம்பெல்லாம் அவனுடைய பேட் போட்ட முதுகுக்கு. என் முகம் அவன் தோளில் புதைந்துவிடும். டூப்பின் முகம் கேமராவுக்குத் தெரியக் கூடாது, அதுவும் சரியாகிவிடும்.

எங்கள் வேலை விழுவது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விழுகிற மாதிரித் தெரிய வேண்டும், விழக் கூடாது, அதுதான் வேலை. தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கும். மூச்சு பாதி வெளியே போயிருக்கும். பார்க்கிறவர்களுக்குக் கையும் காலும் தாறுமாறாகப் பறக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தான் எங்கே போகிறோம் என்று தெரியும். ஹோலிஸோடு உருளும்போது அவன் உடம்பு என்ன நினைக்கிறது என்பது என் உடம்புக்குக் கேட்கும். வேறு எதற்கும் எனக்கு இத்தனை நல்ல காது கிடையாது.

முதல் டேக். மேல்பாதி பாதி போனபோது, அவன் தலைப் பக்கம், கைப்பிடிச் சுவரின் அடிக்கல்லில் "டொக்" என்று ஒரு சத்தம். லேண்டிங் வந்தது. "ஹப்" வரவில்லை. என் இடுப்பைப் பிடித்திருந்த அவன் கை பிடியை விட்டது. அவன் தாடை நெஞ்சை விட்டுப் பிரிந்து, தலை தொங்கியது. இருநூறு ராத்தல் கனமுள்ள மனிதன் ஒரு நொடியில் இருநூறு ராத்தல் சாமானாகிவிட்டான். நான் ஒரு காலைச் சுவரில் உதைத்து, இடுப்பால் அவனைப் புரட்டி, கையை அவன் பிடரிக்குப் பின்னால் கொடுத்தேன். அப்படியே கீழ்ப்பாதி முழுவதும் இறங்கினோம். என் விரல் மூட்டுகளில் இருந்த தோலெல்லாம் பளிங்கோடு போயிற்று.

"கட்!"

யாரும் கிட்டே வரவில்லை. உருண்டவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும்வரை யாரும் தொடக் கூடாது, கைதட்டக் கூடாது. நான் தூக்கினேன். கொஞ்சம் பொறுத்து ஹோலிஸின் விரலும் எழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் ஆட்களுக்குப் பழக்கத்தில் முதலில் விரல் எழும், நினைவு பிறகுதான் வரும். இதை நான் அறிவேன், அதனால் நான் கைதட்டவில்லை.

டைரக்டர் மானிட்டர் முன்னாலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள். "ஹோலிஸ்! அந்தக் கழுத்து! அப்படியே பொணம் மாதிரி. எப்படிப் பண்ணினீங்க?"

ஹோலிஸ் சிரித்தான்.

"ஆனா நோரீன்," என்று என் பக்கம் திரும்பினாள், "லேண்டிங்ல உங்க முகம் நல்லாத் தெரியுது. சாரி. இன்னொண்ணு போயிடலாம்."

நான் அவனைப் புரட்டியதால்தான் என் முகம் கேமரா பக்கம் வந்தது. காப்பாற்றியதற்குக் கிடைத்த பரிசு, இன்னொரு டேக்.

கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்த ஹோலிஸிடம் போனேன். "லேண்டிங்ல என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? திருப்பினேன். நீதான் மூஞ்சியைக் காட்டிட்ட. அழகிப் போட்டியா நடக்குது இங்க?"

கண்ணைப் பார்த்தேன். அவன் பொய் சொல்லவில்லை. திருப்பினேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தான்.

செட்டு டாக்டர் வந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். பெயர் என்ன, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம். ஹோலிஸ் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். எங்கள் ஆட்கள் இந்தப் பதில்களைக் காலையில் பல் தேய்க்கும்போதே தயார் செய்துவிடுவார்கள். "நல்லா இருக்கேன் டாக்டர்," என்றான். அவர் போய்விட்டார்.

எங்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. உன் உடம்பைப் பற்றி நீ சொல்லலாம். அடுத்தவன் உடம்பைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. அவனுக்குத் தலையில் அடி என்று ஒரு வாய் சொன்னால் போதும், அந்த ஆள் வீட்டுப் போன் அதோடு ஊமையாகிவிடும். ஹோலிஸுக்கு இந்த வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் போனேன். ஸ்டன்ட் மாஸ்டர் ராய்ஸிடம் நொண்டிக்கொண்டு போய், "முட்டி பெசகிடுச்சு. என்னால இன்னொண்ணு முடியாது," என்றேன்.

இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து "முடியாது" என்ற வார்த்தையை நான் சொன்னதில்லை. சொன்னபோது நாக்கு கசந்தது. ஆனால் நான் இல்லாமல் டேக் இல்லை, டேக் இல்லாவிட்டால் அவன் தப்பித்தான். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

ராய்ஸ் என் முட்டியைப் பார்த்தான். "ஐஸ் வை. உக்காரு." பிறகு திரும்பி, "கோல்பி! விக்கை மாட்டு!" என்று கத்தினான்.

கோல்பி மெல்லிய இடுப்புள்ள ஒரு பையன், ரிகர்சலெல்லாம் கூடவே இருந்தவன். அவன் அளவுக்கு அதே பட்டு கவுன் இன்னொன்று தைத்து வைத்திருந்தார்கள், ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. பெண்ணுக்கு டூப் போட ஆணுக்கு விக் வைப்பதை எதிர்த்து நான் கத்தாத கூட்டம் கிடையாது, எழுதாத மனு கிடையாது. கடைசியில் என் கவுனை நானே கழற்றி அவனிடம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

ஹோலிஸ் படியேறத் தொடங்கியிருந்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். அவன் எந்தப் படியிலும் கைப்பிடியைப் பிடிக்கிறவன் இல்லை.

நான் ஐஸ் பையைப் போட்டுவிட்டு நேராக நடந்து ராய்ஸிடம் போனேன். நொண்டவில்லை.

"ஹோலிஸை இறக்காத. லேண்டிங்ல அவனுக்கு நினைவு தப்பிருச்சு."

ராய்ஸ் என் காலைப் பார்த்தான். "முட்டி?"

"பொய். அவனை நிறுத்தத்தான் சொன்னேன்."

"கோல்பிக்கு விக் மாட்டினதும் முட்டி சரியாயிடுச்சாக்கும்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நானே அந்த இடத்தில் நின்றிருந்தால் சிரித்திருப்பேன். என்னைப் பற்றி இந்த ஊருக்குத் தெரிந்ததெல்லாம் விக் சண்டைதான்.

மேலேயிருந்து ஹோலிஸின் குரல் கேட்டது. "என்ன நோரீன்? என்ன பண்ணிட்டிருக்க அங்க?"

"கீழ வா."

"ராய்ஸ், நான் நல்லா இருக்கேன். அவ பேச்சைக் கேக்காத. போலாம்."

"கேட்டியா?" என்றான் ராய்ஸ். "அவனே சொல்றான். அவன் வார்த்தைக்கு மேல நான் என்ன பண்ண? உனக்கே தெரியும்ல சட்டம்."

"சட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடு. அவன் திருப்பினான்னு சொல்றான் ராய்ஸ். அவன் திருப்பல. நான் திருப்பினேன். போட்டுப் பாரு."

ராய்ஸ் கெட்டவன் இல்லை. அவனும் உருண்டு உருண்டு வந்தவன்தான், ஒரு தோள் இன்னொரு தோளை விட இறங்கியிருக்கும். பெருமூச்சு விட்டு, மானிட்டரில் முதல் டேக்கை மெதுவாக ஓட விடச் சொன்னான். டைரக்டர் எனக்குப் பின்னால் வந்து நின்று, "இந்த இடம்தான், இந்த இடம்தான்," என்று விரலால் காட்டினாள். ஹோலிஸும் இறங்கி வந்துவிட்டான். அவனுக்குக் கோபத்தில் காதெல்லாம் சிவந்திருந்தது.

திரையில் நாங்கள் உருண்டோம். லேண்டிங் வந்தது. அவன் கை என் இடுப்பை விட்டு நழுவி, தொப்பென்று பளிங்கில் விழுந்தது. தலை பின்னால் போயிற்று. என் கால் சுவரை உதைத்தது. மெதுவாக ஓட்டினால் எதையும் மறைக்க முடியாது. இத்தனை வருடம் நினைவோடு, கவனமாக உருண்டோம், ஒருவரும் இப்படிப் பாராட்டியதில்லை. உண்மையிலேயே நினைவில்லாமல் ஒருவன் விழும்போதுதான் கேமராவுக்குப் பிடித்துப்போகிறது. எனக்கு அந்தப் பெட்டியை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

ஹோலிஸ் திரையை உற்றுப் பார்த்தபடி கேட்டான்.

"இது எந்த டேக்?"

டைரக்டரின் விரல் திரையிலிருந்து இறங்கியது.

"இல்ல, நாம இப்ப எடுத்தது எங்க? அதைப் போடச் சொல்லு ராய்ஸ்."

ராய்ஸ் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னான். "கோல்பி, விக்கைக் கழட்டு. யாராவது ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க."

ஹோலிஸின் தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இன்னொரு முறை உருண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னார்கள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பிழைத்துக்கொண்டான். ஆனால் அதெல்லாம் பிற்பாடு. ஆம்புலன்ஸில் இருந்தபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவனுக்குக் கழுத்தில் பட்டை போட்டு, பலகையில் வைத்துக் கட்டியிருந்தார்கள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். நான் அந்தக் கவுனோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டாவது டேக் எப்படி வந்துச்சு?" என்றான்.

"எடுக்கல. நிறுத்தியாச்சு."

"யாரு, ராய்ஸா?"

"நான்."

கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினான். "நீயா? எல்லார் முன்னாடியுமா?"

"ஆமா."

அவன் முகத்தை நான் இதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி சிக்னலில் நின்று புறப்பட்டது.

"நோரீன், ரெண்டாவது டேக் எப்படி வந்துச்சு?"

மறுபடியும் சொன்னேன். மறுபடியும் "நீயா?" என்றான். மறுபடியும் அதே முகம், முதல் தடவை மாதிரியே.

மூன்றாவது முறை கேட்டபோது, எதிரில் உட்கார்ந்திருந்த ஆம்புலன்ஸ் பெண் என் கையைத் தொட்டாள். "நல்லா வந்துச்சுன்னு சொல்லிடுங்க. கொஞ்ச நேரத்துல மறந்துடுவார். எதுக்கு ரெண்டு பேரும் கஷ்டப்படணும்?"

நல்ல யோசனைதான். மறந்துவிடுவான் என்பதாலேயே எனக்கு வாய் வரவில்லை. நினைவுள்ளவனை ஏமாற்றினால் பின்னால் தெரிந்து சண்டையாவது போடுவான். காலையில் அவனுக்காக ஒரு பொய் சொன்னேன், அது அவனைக் கோல்பியின் கையில் கொண்டுபோய் விடப் பார்த்தது. போதும்.

"எடுக்கல," என்றேன். "நான்தான் நிறுத்தினேன்."

"நீயா?" புருவத்தைச் சுருக்கினான். பிறகு, "நான் லேண்டிங்ல திருப்பலையா?"

"இல்ல."

"அப்ப யாரு?"

"நான் திருப்பினேன்."

என் கையைத் தேடினான். கட்டுக்குள்ளிருந்து அவன் விரல்கள் என் விரல்களைப் பிடித்தன. தோல் போன இடம் எரிந்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு அந்தப் படியே ஞாபகம் இல்ல நோரீன்," என்றான். "பயமா இருக்கு."

குதிரையிலிருந்து, கூரையிலிருந்து, எரிகிற காரிலிருந்து என்று எத்தனையோ விதமாக விழுந்திருக்கிறான். அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நான் அழுதேன். "நான் இருக்கேன்," என்றேன். "இங்கதான் இருக்கேன்." அவன் கண்ணை மூடி, என் கையை விடாமல் பிடித்துக்கொண்டான். நாங்கள் செட்டில் யார், வீட்டில் யார் என்ற கணக்கெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் வேண்டியிருக்கவில்லை.

வண்டி ஒரு மேம்பாலத்தில் ஏறி இறங்கியது. அவன் கண்ணைத் திறந்தான். முகம் தெளிந்திருந்தது. பயப்பட்டதே அவனுக்கு மறந்துபோய்விட்டது. அதை இனி நான் ஒருத்திதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"ரெண்டாவது டேக் எப்படி வந்துச்சு?" என்றான்.

"எடுக்கல, ஹோலிஸ். நான்தான் நிறுத்தினேன்."

"நீயா?" என்றான்.

"நான்தான்," என்றேன்.